லாட்ஜில் முடிந்த கப்பல் கேம்

தாராவியில் நைட்டி தைக்கும் பட்டறை வைத்திருக்கும் சங்கரேஸ்வரிக்குத் தெரிந்தது ஒரே ஒரு வீடியோ கேம்தான். அது ஜப்பான்காரர்கள் செய்தது. அதன் உண்மையான பெயர் அவளுக்குத் தெரியாது. கப்பலேறி ஊர் ஊராகப் போகிற கதை என்பதால் ‘கப்பல் கேம்’ என்று அவளே பெயர் வைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் சுயம்பு அவளை ஜுஹு கடற்கரைக்குக் கூட்டிப்போனபோது, சுற்றிலும் ஜோடிகள் காதோடு காதாகப் பேசிக்கொண்டிருக்க, இவள் அவனுக்கு அந்தக் கேமின் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னாள். பேல்பூரி தீர்ந்தும் கதை தீரவில்லை. மீதியை பஸ்ஸில் சொன்னாள்.

அவள் அப்பா வானமாமலை தொண்ணூறுகளின் கடைசியில் தாராவிச் சந்து ஒன்றில் வீடியோ கேம் பார்லர் நடத்திவந்தார். பையன்கள் வந்து சண்டை கேமும் கார் ரேஸும் ஆடிவிட்டுப் போவார்கள். மொத்தமாக வாங்கிய சிடிகளுக்குள் ஒன்று மட்டும் முழுக்க ஜப்பானிய எழுத்தாக இருந்தது. அதில் சண்டையைவிட நடைதான் அதிகம், நடையைவிடப் பேச்சு அதிகம். ஒரு பையனும் அதைத் தொடவில்லை. மதியம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கூட்டமில்லாத நேரத்தில் சங்கரேஸ்வரி அதைப் போட்டு ஆடினாள்.

ஓர் எழுத்துகூடப் புரியாததால் பெயர்களையும் கதையையும் அவளே வைத்துக்கொண்டாள். நீல முடி சிலிர்த்து நிற்கும் நாயகனுக்கு நீலமண்டை என்று பெயர். சிவப்புக் குடையோடு வருகிற பெண் குடைக்காரி. கோடாலியும் தாடியுமாகக் கூடவே வருகிற பெரியவர் பெரியப்பா. பின்னாலேயே உருண்டு வருகிற வெள்ளைப் பிராணி பஞ்சு. நால்வரும் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்கள் என்பது அவள் முடிவு. போகிற ஊரிலெல்லாம் ஆளாளுக்கு ஏதாவது சாமான் எடுத்துக் கொடுத்தார்கள், அது மொய். வழிமறித்த பூதங்கள் எல்லாம் பத்திரிகை வைக்காத சொந்தக்காரர்கள். கடைசியில் மலைமேல் ஒரு லாட்ஜ் வரும். நான்கு பேரும் நான்கு கட்டிலில் படுப்பார்கள். திரை இருண்டுவிடும். மெல்லிசாக ஒரு பாட்டு மட்டும் ஓடும். வானமாமலை, ‘படம் முடிஞ்சிருச்சு, எந்திரி’ என்று சொல்லி டிவியை அணைப்பார்.

பள்ளிக்கூட நாள்களில் எத்தனையோ தடவை அவள் அதை முதலிலிருந்து ஆடி முடித்தாள். ஒவ்வொரு தடவையும் லாட்ஜில்தான் முடிந்தது. அலைந்து திரிந்தவர்கள் நிம்மதியாகப் படுத்துத் தூங்குவதைவிட ஒரு கதைக்கு வேறென்ன முடிவு வேண்டும் என்று இன்றைக்கும் கேட்பாள். தமிழ் சினிமா எதைப் பார்த்தாலும், கடைசியில் யாரும் தூங்கவில்லையென்றால் அவளுக்குத் திருப்தி வராது.

சுயம்பு வாட்டர் ஃபில்டர் மெக்கானிக். மாட்டுங்காவும் செம்பூரும் அவன் ஏரியா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுங்காவில் ஜெயராம் என்பவர் வீட்டுக்கு ஃபில்டர் மாற்றப் போனான். ஜெயராம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய அதிகாரி. பூர்வீகம் பாலக்காடு. அன்று அவர் வீட்டு ஹாலில் மூன்று பேர் ஒரு பெரிய டிவியின் முன்னால் மூக்கு முட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து, நகராத ஒரு படத்தைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயராம், செம்பூரில் பல் டாக்டராக இருக்கும் பத்மஜா, ஆண்டாப் ஹில்லில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற காலித். ஒரு பழைய ஜப்பானிய கேமை அந்தக் கம்பெனிக்காரர்களே புதிதாக எடுத்து வெளியிடப் போகிறார்களாம். பழையதில் ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை என்று அறிவித்திருந்தார்களாம். துறைமுகத்தில் ஒரு கல் நகர்ந்திருக்கிறது என்றான் காலித். பத்மஜா, பல்லின் நிறம் பார்த்துப் பழகிய கண்ணால் குடையைப் பார்த்து, இந்தச் சிவப்பு அந்தச் சிவப்பு இல்லை என்று தீர்ப்புச் சொன்னாள். ஜெயராமுக்கு இரண்டும் பொருட்டில்லை. நாயகனின் முடி இரண்டு விரல்கடை குறைந்திருக்கிறது என்பதுதான் அவருடைய குறை. அதைப் பற்றி அவர் சரியாகத் தூங்குவதுகூட இல்லை என்று அவர் மனைவி ருக்கு சுயம்புவிடம் அடுக்களையில் சொன்னாள்.

வேலை முடிந்து ஈரக் கையோடு ஹாலுக்கு வந்த சுயம்பு டிவியைப் பார்த்தான். நீல முடி, சிவப்புக் குடை, கோடாலி, பஞ்சு. அவன் இதுவரை பார்த்திராத நான்கு பேரும் அவனுக்கு நன்றாகத் தெரிந்தவர்களாக இருந்தார்கள்.

“சார், இது எங்க வீட்டு கப்பல் கேமுல்லா,” என்றான்.

அவர்கள் சிரித்தார்கள். அவன் மனைவிக்கு வீடியோ கால் போட்டு போனை டிவி பக்கம் திருப்பினான். பட்டறையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சங்கரேஸ்வரி ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

“நீலமண்டைக்கு யாருங்க முடி வெட்டிவிட்டது?” என்று கேட்டாள்.

ஜெயராம் சோபாவிலிருந்து எழுந்து வந்து போனை சுயம்பு கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிறு அவசியம் வரவேண்டும் என்று அவளை அழைத்தார். அவர் குரல் தழுதழுத்ததாக சுயம்பு பின்னால் சொன்னான்.

அவள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, ருக்குவுக்கு ஒரு நைட்டியும் எடுத்துக்கொண்டு போனாள். முதல் ஒரு மணி நேரம் நன்றாகப் போயிற்று. தவளைகள் வருகிற சதுப்பு நிலம், திசைமாறிச் சுழற்றும் ஐஸ் குகை, பஞ்சு காணாமல் போகிற சந்தை எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பெயர்கள்தான் இடித்தன. நாயகன் பெயர் ரென், குடை வைத்திருப்பவள் பெயர் மியோரி என்று பத்மஜா எடுத்துச் சொன்னாள். சரி என்று தலையாட்டிவிட்டு சங்கரேஸ்வரி மறுபடி நீலமண்டை, குடைக்காரி என்றே பேசினாள். அன்று சாயங்காலத்துக்குள் காலித்தும் குடைக்காரி என்று சொல்ல ஆரம்பித்திருந்தான்.

பிறகு, புதிய கேமில் லாட்ஜை நன்றாக எடுத்திருப்பார்களா, எப்படியும் கடைசிக் காட்சி இல்லையா என்று அவள் கேட்டாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசிக் காட்சி என்றால் என்ன என்று ஜெயராம் விசாரித்தார். அவள் சொன்னாள். கட்டில், இருட்டு, பாட்டு, சுபம்.

“அப்படி ஒரு முடிவு கெடையாதே. நான் இதை இருபது தடவை ஆடியிருக்கேன், கேட்டேளா,” என்றார் ஜெயராம்.

தானும் அதற்குக் குறையாமல் ஆடியிருப்பதாக அவள் பதில் சொன்னாள். ஜெயராம் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். லாட்ஜுக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்று அவர் வாயைத் திறக்கப் போனபோது பத்மஜா அவர் தொடையில் கிள்ளிவிட்டாள். அவளுக்கு வேறொரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி முதலில் வேறு முடிவோடு கொஞ்சம் சிடிகள் வெளியிட்டுவிட்டுப் பிறகு வாபஸ் வாங்கியிருக்குமோ? அதில் ஒன்று எப்படியோ தாராவிக்கு வந்து சேர்ந்திருக்குமோ?

அன்று சாயங்காலமே இன்டர்நெட்டில் உலகத்து ரசிகர்கள் கூடுகிற ஓரிடத்தில் இதை எழுதிப்போட்டாள். விடிவதற்குள் மூன்று நாடுகளில் தூக்கம் கெட்டது. ‘தாராவி எண்டிங்’ என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். பிரேசிலிலிருந்து ஒருவர் அந்த இருட்டு எவ்வளவு கறுப்பு என்று கேட்டு எழுதினார். பிலிப்பைன்ஸில் ஒருவர், தன் மாமாவும் இப்படிச் சொன்னதாகவும் குடும்பத்தில் யாரும் நம்பவில்லை என்றும் எழுதினார். போலந்திலிருந்து ஒருவர் தாராவி என்பது ஜப்பானில் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார். சிடி இப்போது எங்கே என்பதுதான் பெரிய கேள்வி. பார்லரை மூடும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டதாக சங்கரேஸ்வரி சொன்னதும் காலித் தலையில் கைவைத்துக்கொண்டான். ஜெயராம் மட்டும் எதையும் நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்லவும் பத்மஜா விடவில்லை.

புதிய கேம் வெளிவந்தது. ஜெயராம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து முதலிலிருந்து ஆடுவது என்றும், ஆட்டக்காரி சங்கரேஸ்வரி என்றும் முடிவாயிற்று. பேச்செல்லாம் இப்போது ஆங்கிலத்தில் இருந்தது. பத்மஜா வாசித்துச் சொல்லச் சொல்ல, கல்யாணமே இல்லை, கடல் உலகத்தை விழுங்காமல் தடுக்க ஏழு விளக்குகளை ஏற்றப் போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியவந்தது. அப்படியானால் ஊர்க்காரர்கள் கொடுத்த சாமானெல்லாம் மொய் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றதும் இத்தனை வருடம் கழித்து அவர்களை நினைத்து அவளுக்குச் சங்கடமாக இருந்தது. பதிலுக்கு ஒன்றும் செய்யவில்லையே என்றாள்.

சில ஞாயிறுகள் கழித்து லாட்ஜ் வந்தது. சுயம்புவும் அன்று வந்திருந்தான். ருக்குகூட அடுக்களை வாசலில் வந்து நின்றாள். நால்வரும் படுத்தார்கள். திரை இருண்டது. பாட்டு கேட்டது. ஜெயராம் கண்ணை மூடிக்கொண்டு, பழையதில் இருந்த அத்தனை நீள இருட்டையும் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள், விசுவாசம் என்றால் இதுதான் என்று முணுமுணுத்தார்.

சங்கரேஸ்வரி கேம் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு பையை எடுத்தாள். “முடிஞ்சிருச்சு. பாத்தியள்லா?” என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை யாரும் பார்த்ததில்லை.

இருட்டு இன்னும் கொஞ்சம் நீண்டது. சேவல் ஒன்று கூவிற்று. ஜன்னலில் வெளிச்சம் வந்தது. நீலமண்டை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டான்.

தான் சொன்னதுதான் சரி என்று தெரிந்தும் ஜெயராமுக்கு அதைக் கொண்டாட மனம் வரவில்லை. இதற்கு அப்புறம் எவ்வளவு கதை மிச்சம் என்று சுயம்பு மெல்லக் கேட்டான். இதுவரை வந்தது மூன்றில் ஒரு பங்குதான் என்றான் காலித்.

சங்கரேஸ்வரி அம்பர்நாத்தில் தம்பியோடு இருக்கும் அப்பாவுக்கு அங்கிருந்தே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். வானமாமலைக்கு அந்தக் கேம் நன்றாக ஞாபகம் இருந்தது.

“அது முடிஞ்சுச்சா முடியலையான்னு எனக்கு என்னட்டி தெரியும்? கஸ்டமர் நிப்பாவ. நீ பேய் மாதிரி டிவி முன்னால உக்காந்திருப்ப. எப்ப கறுப்பாவும்னு பாத்துக்கிட்டே இருப்பேன். ஆனதும் எழுப்பி வுட்ருவேன்,” என்றார். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அவள் போனை வைத்தாள். ஜெயராம் ரிமோட்டை மறுபடி அவள் கையில் கொடுக்க வந்தார். வேண்டாம் என்றுவிட்டாள். அசந்து தூங்கிக்கொண்டிருந்தவர்களை இந்த ஜப்பான்காரர்கள் எதற்கு எழுப்பினார்கள் என்று வாசல்வரை கேட்டுக்கொண்டே போனாள். லாட்ஜுக்கு அப்புறம் நடப்பதை யாரும் தன்னிடம் சொல்லக்கூடாது என்று கட்டளை போட்டாள். கட்டளை சுயம்புவுக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் சுயம்புவுக்கு ஆவல் தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு ஜெயராம் வீட்டு ஃபில்டர் ரிப்பேர் என்று கிளம்பினான். அதற்கடுத்த ஞாயிறும் ரிப்பேர். ஒரே ஃபில்டர் வாராவாரம் கெட்டுப்போனால் மெக்கானிக்கை அல்லவா மாற்றவேண்டும் என்று சங்கரேஸ்வரி யோசித்தாள். கேட்கவில்லை.

அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம் அவன் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தான். மீன்குழம்பைப் பிசைந்தவன் வாயில் வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. காரமா என்று கேட்டாள். இல்லையென்று தலையாட்டினான். அவன் ஊரிலிருந்து ஏதும் போன் வந்ததோ என்று அவளுக்குப் பதறிவிட்டது.

“யாரு செத்தா?” என்று கேட்டாள்.

“ஒருத்தருமில்ல.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். “குடைக்காரியா?”

அவன் சோற்றைப் பார்த்தபடி இருந்தான். அதற்குமேல் மறைக்க முடியாமல், கொன்றது யார் என்பதையும் சொல்லிவிட்டான். பெரியப்பா. விளக்குக் கோபுரத்தில், பின்னாலிருந்து, அந்தக் கோடாலியால்.

அந்தக் கதையிலேயே சங்கரேஸ்வரி தன் சொந்தம் போல நினைத்தது பெரியப்பாவைத்தான். முதல் ஆளாக அவருக்குத்தான் எப்போதும் நல்ல கவசம் வாங்கிப் போடுவாள். சாயங்காலமே மாட்டுங்காவுக்குப் போய், இது என்ன அநியாயம், இதை மாற்றச் சொல்லி எழுதிப்போடுங்கள் என்று சண்டை பிடித்தாள். உலகம் முழுக்க அந்த மரணத்துக்காக அழுதிருக்கிறார்கள், அதை மாற்றினால் பிறகு விசுவாசமான ரீமேக் என்று எப்படிச் சொல்வது என்று ஜெயராம் பொறுமையாக விளக்கினார். அவர்கள் விசுவாசத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போடட்டும் என்றாள் சங்கரேஸ்வரி. காலித் ஒரு யோசனை சொன்னான். லாட்ஜ் காட்சியோடு நிறுத்தி, கடைசிப் பெயர்ப்பட்டியலை அங்கேயே ஓடவிட்டு ஒரு வீடியோ செய்து தருகிறேன் என்றான். அவள் வேறொன்று கேட்டாள்.

“அந்த ஆள அடிக்க முடியுமா?”

கடைசியில் அடித்துத்தான் ஆகவேண்டும், அவர்தான் கடைசி எதிரி என்று பத்மஜா சொன்னாள். அப்படியானால் ஆடுகிறேன் என்றாள் சங்கரேஸ்வரி.

கல்யாண சீசனில் காலித்துக்கு மூச்சுவிட நேரமில்லாமல் இருந்தது. அவனுடைய கேம் மெஷின் சும்மாதான் கிடந்தது. அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டாள். சாப்பாட்டு இடைவேளையில் ஆட்டம். ஆனால் லாட்ஜ்வரை வந்தபின் கதை நகரவில்லை. லாட்ஜுக்கு வெளியே உள்ள வயலில் சுற்றிச் சுற்றித் தவளைகளை அடித்தாள். ஒவ்வொரு தவளைக்கும் நீலமண்டையின் பலம் கொஞ்சம் கூடியது. பட்டறையில் தைக்கிற ஆறுமுகத்தாய் ஒருநாள் பொறுக்க முடியாமல், இந்தத் தவளைகள் உனக்கு என்ன செய்தன என்று கேட்டாள். தவளைகள் மேல் கோபம் ஒன்றுமில்லை என்றாள் சங்கரேஸ்வரி. மழைக்காலம் தொடங்கி முடியும்வரை தவளை அடித்தாள். பிறகுதான் லாட்ஜைத் தாண்டினாள். பெரியப்பா கட்சி மாறி ஓடிப்போகும்வரை அவருக்கு ஒரு நல்ல கவசம்கூட வாங்கித்தரவில்லை. குடைக்காரி செத்த அன்று பட்டறையில் யாருக்கும் தையல் ஓடவில்லை.

கடைசிச் சண்டையை எல்லோர் முன்னிலையிலும் ஆடவேண்டும் என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு மாட்டுங்காவுக்குப் போனார்கள். ஜெயராம் இதற்காக வீட்டில் புதிய ஸ்பீக்கர் வாங்கி வைத்திருந்தார். பெரியப்பா ஆறு இறக்கைகளோடு எழுந்து வருவார், அப்போது நூறு பேர் சேர்ந்து பாடும் ஒரு பாட்டு வரும், அதற்காகத்தான் வாழ்கிறேன் என்று சொல்லி எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். மின்விசிறியையும் நிறுத்தினார்.

பெரியப்பா எழுந்தார். இறக்கைகள் விரிந்தன. நூறு பேரும் ‘ஆ’ என்று ஆரம்பித்தார்கள். நீலமண்டை மூன்று அடி அடித்தான். பெரியப்பா விழுந்தார். பாட்டு ‘ஆ’வோடு நின்றது.

ஜெயராம் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கரேஸ்வரி, இனி எழுந்திருக்க மாட்டாரே என்று உறுதிப்படுத்திக்கொண்டு ரிமோட்டைக் கீழே வைத்தாள். பிறகு, வயதான ஆள், இரண்டு அடியோடு விட்டிருக்கலாம் என்றாள்.

உண்மையான முடிவு வந்தது. கப்பலில் நீலமண்டை தனியாக நின்று, மழை இல்லாத வெயிலில் அந்தச் சிவப்புக் குடையை விரித்தான். பஞ்சு அதன் நிழலில் வந்து படுத்தது. சங்கரேஸ்வரி அழுதாள். சுயம்பு ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்திருந்தும் அழுதான். பல வருடமாக இந்தக் கேம் தன் வீட்டு ஹாலில் ஓடியும் ஒருநாளும் திரும்பிப் பார்க்காத ருக்கு, புதிய நைட்டியின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படி ஒரு கதை இதுக்குள்ள இருக்குன்னு ஏன் எனக்குச் சொல்லலை என்று ஜெயராமைக் கேட்டாள். அவர் இருபது வருடமாக அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாராவி எண்டிங் என்று ஒன்று இல்லவே இல்லை, ஒரு அப்பா டிவியை அணைத்துவிட்டார், அவ்வளவுதான் என்று பத்மஜா இன்டர்நெட்டில் மன்னிப்பு கேட்டு எழுதினாள். யாரும் நம்பவில்லை. உண்மையை மறைக்கக் கம்பெனி அவளை மிரட்டியிருக்கிறது என்று பிரேசில்காரர் எழுதினார். வானமாமலை என்பது கம்பெனி ஆளின் புனைபெயர் என்று இன்னொருவர் கண்டுபிடித்தார். அந்தச் சிடியைத் தேடிக்கொண்டு இன்னும் சிலர் அலைகிறார்கள்.

காலித் மெஷினைத் திருப்பிக் கேட்கவில்லை. அவனுக்குச் சீசன் முடியவில்லை. பட்டறையில் இப்போது ஆறுமுகத்தாய்தான் சாப்பாட்டு வேளையில் ஆடுகிறாள். யார் பேசினாலும் காதில் வாங்காமல் பட்டனை அமுக்கித் தள்ளிவிட்டு, கடைக்காரர்களோடு சண்டை போட வழி இருக்கிறதா என்று பார்ப்பாள். ஆட்டம் தொடங்கும்போது நாயகனுக்கு விருப்பப்பட்ட பெயர் வைக்கலாம் என்று சங்கரேஸ்வரி சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆறுமுகத்தாய் யோசிக்கவே இல்லை. தன் மருமகன் பெயரை வைத்தாள். ரமேஷ்குமார்.

முதல் சதுப்பு நிலத்திலேயே தவளைகள் ரமேஷ்குமாரை அடித்துப் போட்டுவிட்டன. மற்ற மூன்று பேரும் சண்டை போட, அவன் ஓரமாகக் கிடந்தான். ஆறுமுகத்தாய் பையில் மருந்து நிறைய இருந்தது.

“அக்கா, அவனுக்கு மருந்து குடுக்கலியா?” என்று சங்கரேஸ்வரி கேட்டாள்.

“அத அவன் அம்மக்காரி வந்து குடுப்பா,” என்று சொல்லிவிட்டு ஆறுமுகத்தாய் அடுத்த தவளையை அடிக்கப் போனாள்.